சக்கர சாமியின் அப்பா

தொண்ணூற்றேழு, தொண்ணூற்றெட்டு வாக்கில் திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் எனக்கு ஒரு வாடகை சைக்கிள் கடை இருந்தது. ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்கள்தான் பாதி வாடிக்கை. எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் ‘பிரேக் குட், பெல் நோ’ என்பதோடு முடிந்துவிடும். மீதியைச் சிரித்தே சமாளிப்பேன். எதற்கும் ஒரு ஜோக் வைத்திருக்கிற ஆள் நான். சாவு வீட்டில் என்னை முன்னால் உட்கார விடமாட்டார்கள். அழுகிறவர்கள் சிரித்துவிடுவார்களோ என்று பயம்.

எங்கள் ஒரே மகனுக்கு அப்போது நாலு வயது. பேச்சு வரவில்லை. கூப்பிட்டால் திரும்ப மாட்டான். யாராவது தொட்டால் உடம்பைச் சுருக்கிக்கொள்வான். அவனுக்குப் பிடித்தது, தலைகீழாக நிறுத்திய சைக்கிளின் சக்கரம். அதைச் சுற்றிவிட்டு, கம்பிகள் ஒன்றோடொன்று கலந்து மறைவதைப் பார்த்துக்கொண்டு மத்தியானம் வரை அப்படியே உட்கார்ந்திருப்பான். சக்கரம் நின்றால் என் கையை இழுத்து அதன்மேல் வைப்பான். என் முகத்தைப் பார்க்க மாட்டான். நான் ஸ்பேனரை எடுப்பதுபோல அவன் என் கையை எடுப்பான், அவ்வளவுதான்.

பையன் பேச மாட்டானா என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சில் சுருக்கென்று இருக்கும். ஒருநாள் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். “அவரு மௌன விரதங்க. நம்ம ஊர்ல சாமிங்களுக்கா பஞ்சம்?”

கேட்டவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சுருக் போய்விட்டது. அன்றிலிருந்து அதுவே என் பதில்.

என் ஜோக்குக்கு ஊரே சிரித்தாலும் சிரிக்காத ஒரே ஆள் என் மனைவி. கீழ்பென்னாத்தூர்க்காரி. மெட்ராஸ் போய் டாக்டரிடம் காட்டலாம் என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். எங்கள் வம்சத்துக்கே பேச்சு லேட், எனக்கே அஞ்சு வயதில்தான் வந்தது, வந்தபிறகு நிறுத்த முடிந்ததா பார் என்பேன். நான் ஒன்றரை வயதிலேயே வாய் ஓயாமல் பேசியவன் என்று என் அம்மா அவளிடம் எப்போதோ சொல்லியிருந்தது எனக்குத் தெரியாது.

பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டத்தில் சைக்கிள் நுழைய வழி இருக்காது. அதனால் அன்றைக்கு வண்டிகளையெல்லாம் வாசலில் கவிழ்த்துப் போட்டு ஆயில் விடுவேன், வளைந்த சக்கரத்தின் கோட்டம் எடுப்பேன். என் மகனுக்கு அதுதான் தீபாவளி. வரிசையாகச் சக்கரங்கள். ஒன்றைச் சுற்றிவிட்டு அடுத்ததற்குப் போவான். எல்லாம் சுற்றும்போது நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவான்.

அப்படி ஒரு பௌர்ணமியில், மலை சுற்ற வந்த குடும்பம் ஒன்று நின்று விசாரித்தது. நான் வழக்கமான பதிலைச் சொன்னேன். அவர்கள் சிரிக்கவில்லை. அந்த அம்மாள் பையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து அவன் முன்னால் வைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். விளையாட்டுக்குச் சொன்னேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பின்னால் வந்தவர்களும் நின்றுவிட்டார்கள். அடுத்தடுத்த பௌர்ணமிகளில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே ‘சக்கர சாமி கடை எங்க?’ என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள்.

கும்பிட்டதோடு போயிருந்தால் பரவாயில்லை. காலைத் தொட்டார்கள். அவன் விறைத்துப்போவான். சக்கரத்தை இன்னும் வேகமாகச் சுற்றுவான். ஒரு தடவை என் கையை இழுத்துத் தன் இரண்டு பாதங்களின் மேலும் வைத்து அழுத்திக்கொண்டான். நான் கூட்டத்தைப் பார்த்து, “பாத்துக்கோங்க, பெத்த அப்பனையே கால்ல உழ வெக்கிறாரு” என்றேன். வாசலே குலுங்கியது. எனக்கு ஆயில் டப்பாவை மூடுகிற வேலை இருந்தது. கையை எடுத்துக்கொண்டேன்.

“ஊரே அவன் கால்ல உழுது” என்றாள் மனைவி, கூட்டம் போனபிறகு. “ராத்திரியெல்லாம் அவன் காலைத் தேச்சிக்கினே கெடக்கிறான். அது தெரியுமா உங்களுக்கு?”

அதற்கும் ஒரு ஜோக் சொன்னேன். என்ன ஜோக் என்று இப்போது ஞாபகமில்லை.

இப்படியே இரண்டு வருஷம் ஓடிவிட்டது. மறுபடி ஒரு பௌர்ணமி. திண்டிவனம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா, தன் பையனின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தபடி வந்தார். அவனுக்கு ஏழெட்டு வயது இருக்கும். கடை வாசலுக்கு வந்ததும் அவன் கையை உதறிக்கொண்டு ஓடி, என் மகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அடுத்த சக்கரத்தைச் சுற்றினான். தன் சக்கரத்தில் யார் கை வைத்தாலும் கத்துகிற என் மகன் கத்தவில்லை. இரண்டு தலையும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. ஒருவனை ஒருவன் பார்க்கவேயில்லை.

அந்த அம்மா கையில் பழத்தட்டோடு என்னைப் பார்த்து, “இவருதான் சாமிங்களா?” என்றார்.

நான் அந்த இரண்டு தலைகளையும் பார்த்துக்கொண்டு நின்றேன். தண்ணீர்க் குடத்தோடு வந்த என் மனைவி அதைக் கீழே இறக்கி வைத்தாள்.

“சாமி இல்லக்கா, எம் புள்ள. பேச்சு வரல. இன்னும் எங்கியும் காட்டல.”

கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே நகர்ந்தது. ஏமாற்றினீர்களே என்று அந்த அம்மாவும் திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். அவரோ தட்டை ஓரமாக வைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தார். தன் வீட்டில் சக்கரத்துக்குப் பதில் ஃபேன் என்றார். கரண்ட் போனால் பையன் இவர் கையைப் பிடித்து ஸ்விட்ச் மேல் வைப்பான் என்றார். இதற்கு ஆட்டிசம் என்று பெயராம். எனக்கு அது ஏதோ சைக்கிள் பார்ட்ஸ் மாதிரி கேட்டது. மெட்ராஸில் பயிற்சி கொடுக்கிற இடத்தைச் சொல்லி, எந்த பஸ்ஸில் போய் எங்கே இறங்க வேண்டும் என்று என் மனைவிக்கு இரண்டு தடவை விளக்கினார். அப்புறம் எதற்கு இங்கே வந்தீர்கள் என்று கேட்டேன். “அது ஒரு பக்கம், சாமி ஒரு பக்கம். எதுல நடந்தாலும் சரிங்க” என்றார்.

பையனுக்கு என்ன வயது என்று கேட்டார். ஆறு என்றாள் மனைவி. அவர் கொஞ்சம் தயங்கினார்.

“நாங்க மூணுல போனோம்மா. அதுவே லேட்டுனு டாக்டரம்மா திட்னாங்க.”

சொல்லிவிட்டு அவர் என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். என்னை இருவருமே பார்க்கவில்லை.

அடுத்த வாரமே மெட்ராஸ் போனோம். அங்கே பயிற்சி கொடுத்த டீச்சர் அவனைக் கொஞ்சநேரம் கவனித்துவிட்டுச் சொன்னார். “உங்க கையை இழுத்து வைக்கிறான் பாருங்க, அதுதான் அவன் பேச்சு. வார்த்தை இல்லாம கேக்குறான். கேட்டதும் செஞ்சு கொடுங்க. கேட்டா கிடைக்கும்னு அவனுக்குப் புரியணும்.”

திரும்பி வருகிற பஸ்ஸில் அவன் என் மனைவியின் மடியில் தூங்கிவிட்டான். கால்கள் என் மடியில் கிடந்தன. செஞ்சி தாண்டும்போதுதான், அவன் என் கையை இழுத்துத் தன் பாதங்களின் மேல் வைத்த அந்தப் பௌர்ணமி என் நினைவுக்கு வந்தது.

இப்போது அவன் என் உயரத்துக்கு வளர்ந்துவிட்டான். ‘தண்ணி’, ‘சுத்து’, ‘போதும்’ என்று சில வார்த்தைகள் சொல்கிறான். அந்த இரண்டு வருஷமும் கையில் இருந்திருந்தால் இன்னும் எத்தனை வார்த்தை சொல்லியிருப்பான் என்று நான் எந்த டாக்டரிடமும் கேட்டதில்லை. பௌர்ணமியன்று கடையைத் திறப்பதில்லை. ஜோக் அடிப்பதை மட்டும் விட முடியவில்லை, ஆனால் அவனை வைத்து அடிப்பதில்லை. என் வாழ்க்கையிலேயே அதிகச் சிரிப்பு வாங்கிய ஜோக், காலைத் தொடவிடாமல் என்னைக் காப்பாற்று என்று என் மகன் கேட்டதற்கு நான் சொன்ன பதில்தான் என்பதை நினைக்கும்போது, அன்று எடுத்துக்கொண்ட கையை எங்கே வைத்துக்கொள்வது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.