ஆளில்லை என்று எழுதிய ஊர்

எனக்குச் சண்டை போடப் பிடிக்கும். இதை மறைத்துப் பிரயோஜனமில்லை, என்னோடு வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். அப்போது விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் பீங்கான் பொம்மையும் ஃபியூஸ் கட்டையும் செய்கிற ஒரு சின்ன கம்பெனியில் ஆபீஸ் வேலையில் இருந்தேன். லாரி டிரைவரிடமும், பொம்மைக்கு மூக்கு உடைந்துபோனது என்று போனில் கத்துகிற கடைக்காரரிடமும் பகல் முழுக்க வாதாடியும் மிச்சமிருக்கிற சண்டையை, சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரௌசிங் சென்டரில் போய் இறக்கிவைப்பேன்.

அங்கே நான் போனது இணையக் கலைக்களஞ்சியத்தில் எழுதுவதற்கு. யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் எழுதியதையும் யார் வேண்டுமானாலும் திருத்தலாம். சம்பளம் இல்லை, பேரும் வராது. எழுதினதற்குப் பத்திரிகையோ புத்தகமோ சான்று காட்ட வேண்டும், அது ஒன்றுதான் கறாரான சட்டம். கறாரான சட்டம் என்றால் எனக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. "களஞ்சியம் களஞ்சியம்ங்கிற, வூட்டுக்கு ஒரு மூட்ட நெல்லாவது வந்துச்சா?" என்று என் கணவர் கிண்டல் செய்வார். அவருக்குத் தெரியாது, முகம் தெரியாத பத்துப் பேரோடு ஒரு வாக்கியத்துக்காக மல்லுக்கட்டுவதில் இருக்கிற ருசி.

இரண்டாயிரத்து ஒன்பதின் தொடக்க மாதங்கள் அவை. இலங்கையில், வன்னியில், போர் உச்சத்தில் இருந்தது. ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஊர் ஊராகத் துரத்தப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பற்றிய பக்கம் ஒன்று களஞ்சியத்தில் வளர்ந்துகொண்டிருந்தது. எந்த ஊர் மக்கள் எங்கே போனார்கள் என்கிற பகுதியை நான் எடுத்துக்கொண்டேன். மக்கள் தஞ்சம் புகுந்த இடம் என்று முந்தின நாள் நான் எழுதிய பள்ளிக்கூடத்தை மறுநாளே அடித்துவிட்டு வேறு பெயர் போட வேண்டியிருந்தது. வரைபடத்தில் பார்த்தால் பக்கத்து வேப்பூருக்கும் எங்கள் ஊருக்கும் இருக்கிற தூரம்கூட இல்லாத நிலத்துக்குள் அத்தனை சனமும் நெருக்கியடித்துக்கொண்டிருந்தது. நான் தட்டச்சு செய்துகொண்டே இருந்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அதில் ஒரு சின்ன ஊர். அதைப் பற்றி நான் ஒரே ஒரு வாக்கியம்தான் எழுதியிருந்தேன். "மக்கள் அனைவரும் வெளியேறிவிட்டனர், ஊரில் இப்போது ஒருவரும் இல்லை." சான்றாக ஒரு செய்தித் தளத்தின் இணைப்பையும் கொடுத்திருந்தேன். மறுநாள் பார்த்தால் வாக்கியத்தைக் காணோம். திரும்பப் போட்டேன். அடுத்த நாளும் காணோம். பக்கத்தில் வேறு எதையும் தொடவில்லை, அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் பல்லைப் பிடுங்குவது போலப் பிடுங்கியிருந்தார்கள். யார் என்று பக்கத்தின் திருத்த வரலாற்றில் பார்த்தேன். நான் கணக்கு வைத்துப் பெயரோடு எழுதுகிறவள், அந்த ஆள் பதிவு செய்யாததால் பெயர் இல்லை, வெறும் இணைய எண். ஏன் நீக்கினீர்கள் என்பதற்கான பெட்டியும் காலி.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. எங்கோ வெளிநாட்டில் ஏசி அறையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து விளையாடுகிற ஆசாமி என்று முடிவுகட்டினேன். நான் போட, அந்த எண் எடுக்க, இப்படியே இழுத்தது. கடைசியில் நிர்வாகியிடம் முறையிட்டேன். "சான்றுள்ள தகவலைத் திரும்பத் திரும்ப அழிக்கும் இந்த எண்ணைத் தடை செய்யுங்கள். அகதிகளின் துயரம் இவருக்கு விளையாட்டாக இருக்கிறது" என்று எழுதினேன். கடைசி வரி எனக்கே பிடித்துப்போய் இரண்டு தடவை படித்தேன்.

நிர்வாகி கடல் கடந்து எங்கோ இருப்பவர், தங்கமான மனிதர். மறுநாளே தடை செய்துவிட்டார். வெற்றிப் பெருமிதத்தோடு சென்டருக்குப் போய், வாக்கியத்தைத் திரும்பச் சேர்த்து, சேமி என்று அழுத்தினேன். திரையில் சிவப்புக் கட்டம் வந்தது. "உங்கள் இணைய எண் தடை செய்யப்பட்டுள்ளது. நீங்கள் தொகுக்க இயலாது. காரணம்: விசமத்தொகுப்பு." வேண்டுமென்றே பக்கத்தைக் கெடுப்பதற்குக் களஞ்சியம் வைத்த பெயர் அது. கீழே ஒரு எண். நான் புகார் கொடுத்த அதே எண்.

சென்டர்காரரைக் கூப்பிட்டேன், கூப்பிட்டேன் என்ன, கத்தினேன். அவர் டீ கிளாசோடு நிதானமாக வந்து பார்த்தார்.

"ஆறு மிஷினுக்கும் ஒரே லைனுதான மேடம். ஒரு வூட்டுல ஆறு பேரு இருந்தாலும் கதவு நம்பர் ஒண்ணுதான? நீங்க பண்ணாலும் அந்த நம்பருதான் காட்டும், பக்கத்துல இருக்கிறவங்க பண்ணாலும் அதேதான் காட்டும்."

தூக்கிவாரிப்போட்டது. வெளிநாட்டு ஏசி ஆசாமி இங்கே, இந்த பிளைவுட் தடுப்புகளுக்கு நடுவில், எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். எழுந்து நின்று எட்டிப் பார்த்தேன். ஒரு தடுப்பில் ரிசல்ட் பார்க்கிற பையன்கள். கோடியில் இருந்த மிஷினில் ஒரு பெண். அவளை எனக்கு முகத்தளவில் தெரியும், எங்கள் ஊர் அகதி முகாமிலிருந்து வருகிறவள். கனடாவில் யாரிடமாவது பேச வருகிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். அவள் திரையிலும் அதே சிவப்புக் கட்டம்.

"ஏம்மா, அந்த ஊரு பேர்ல இருக்கிற வரிய அழிக்கிறது நீதானா?"

அவள் பயந்துபோய் எழுந்தாள். "ஓம் அக்கா. நான்தான். பொலிசுக்குச் சொல்லிப் போடாதேங்கோ."

"போலீசு கெடக்குது. எதுக்கு அழிக்கிற? பேப்பர்ல வந்ததத்தானே போட்டிருக்குது?"

"அது பொய் அக்கா. என்ர தங்கச்சி அங்கதான் இருக்கிறா. ரெண்டு பிள்ளையளும் இருக்கு. மனுசனுக்குக் காலில காயம், தூக்கிக்கொண்டு போக ஏலாது. நிலத்தில வெட்டின பங்கருக்குள்ள பதுங்கி இருக்கினம். இன்னும் நாலஞ்சு குடும்பமும் இருக்கு. அங்க ஒரு ஆளிட்ட போன் இருக்கு, இடைக்கிடை ஒரு நிமிசம் கதைப்பா." மூச்சு வாங்கினாள். "நீங்கள் ஆக்கள் இல்லை எண்டு உலகத்துக்கே எழுதி வைக்கிறீங்கள். ஆக்கள் இல்லாத ஊரில குண்டு விழுந்தா ஆர் கேக்கிறது?"

நான் வாயாடி. எதற்கும் பதில் வைத்திருப்பவள். அன்றைக்கு அவளை உட்காரவைத்து, பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். இத்தனை நாளும் எனக்கு அது ஒரு வாக்கியம். இவளுக்கு அது தங்கையும் பிள்ளைகளும் தலைக்கு மேல் பிடித்திருந்த ஒரே ஓட்டைப் பிடுங்குகிற கை.

அன்றே நிர்வாகிக்கு நடந்ததைச் சொல்லி மின்னஞ்சல் அனுப்பினேன். தடையை நீக்கிவிட்டார். ஆனால் தொலைபேசியில் கேட்டதைச் சான்றாக ஏற்க முடியாது என்று வருத்தத்தோடு எழுதியிருந்தார். சட்டம் சட்டம்தான். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அதை அவளுக்கு விளக்கினேன்.

"அப்ப நான் சொன்னாப் பொய், பேப்பரில வந்தா உண்மையோ?"

"அப்படி இல்லம்மா... சட்டம் அப்படி இருக்குது."

"அப்ப பேப்பரில வரப் பண்ணுவம்" என்றாள்.

எங்களிருவருக்கும் தெரிந்த ஒரே வழி, பாலக்கரையில் ஜெராக்ஸ் கடை வைத்துக்கொண்டு ஒரு நாளிதழுக்கு உள்ளூர்ச் செய்தி அனுப்புகிற நிருபர். அவர் கையை விரித்தார். "அதெல்லாம் மெட்ராஸ் ஆபீசுல பாத்துக்குவாங்க மேடம். நம்மளுக்குத் தாலுக்கா நியூஸ்தான். பெண்ணாடத்துல கரும்பு வெட்டல, திட்டக்குடியில பஸ்ஸு வரல, இந்த மாதிரி இருந்தா சொல்லுங்க."

நான் சண்டைக்குத் தயாராகப் புடவையை இழுத்துச் செருகுவதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "நான் விருத்தாசலத்திலதானே இருக்கிறன் அண்ணா. இஞ்ச இருந்துதான் நித்திரை இல்லாமக் கிடக்கிறன். அது விருத்தாசலத்து நியூஸ் இல்லையோ?"

நிருபர் ஜெராக்ஸ் மிஷினை நிறுத்திவிட்டுப் பேனாவை எடுத்தார். பேர் போடக் கூடாது, முகாமில் கேள்வி வரும் என்றாள். போடவில்லை. இரண்டு நாள் கழித்து மாவட்டப் பக்கத்தில், கரும்பு விவசாயிகள் ஆர்ப்பாட்டத்துக்குக் கீழே, உள்ளங்கை அகலத்தில் வந்தது. தங்கை குடும்பமும் வேறு சில குடும்பங்களும் இன்னும் அந்த ஊரில் சிக்கியிருப்பதாக முகாமில் வசிக்கும் பெண் கண்ணீர். அவள் கண்ணீரே விடவில்லை என்பது வேறு விஷயம்.

சென்டரில் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பழைய வாக்கியத்தை எடுத்தேன். "சில குடும்பங்கள் இன்னும் அவ்வூரில் உள்ளன" என்று எழுதி, நாளிதழின் பெயரையும் தேதியையும் பக்க எண்ணையும் சான்றாகக் கொடுத்தேன். சேமி என்பதை அவளை அழுத்தச் சொன்னேன். ஒரு மணி நேரம் காத்திருந்தோம், யாரும் தொடவில்லை. நிர்வாகி நன்றி என்றுகூட எழுதியிருந்தார். அவள் அந்த வாக்கியத்தை வாய்விட்டு வாசித்தாள். பிறகு சென்டர்காரர் உட்பட எல்லாருக்கும் டீயும் போண்டாவும் வாங்கிக் கொடுத்தாள். நான் அன்றைக்கு மார்தட்டிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனேன். ஒரு ஊரையே காப்பாற்றிவிட்டதாக நினைப்பு.

அதற்குப் பிறகு கம்பெனியில் சூளை லோடு, ஆர்டர் அவசரம் என்று சில நாள் சென்டர் பக்கம் போக முடியவில்லை. மறுபடி போன அன்று முதலில் அந்தப் பக்கத்தைத்தான் திறந்தேன். வாக்கியம் பத்திரமாக இருந்தது. பழக்க தோஷத்தில் வரலாற்றையும் திறந்தேன். அன்று பிற்பகல் யாரோ அதை நீக்கியிருந்தார்கள். நான்கு நிமிடத்தில் வேறொரு பயனர் திரும்பச் சேர்த்திருந்தார்.

சான்று கொடுத்த பிறகும் கைவைக்கிறவன் எவன் என்று பல்லைக் கடித்தபடி எண்ணைப் பார்த்தேன். எங்கள் சென்டரின் எண். எப்போதும் காலியாக இருக்கும் காரணப் பெட்டியில் இந்தத் தடவை எழுதியிருந்தது.

"இப்ப அங்க ஒருத்தரும் இல்லை."

அதற்கு மேல் அந்தப் பயனரின் பதில், மிகவும் மரியாதையாக. "சான்றுள்ள தகவல். தக்க சான்றின்றி நீக்க வேண்டாம்."

எழுந்தேன். கோடி மிஷினில் அவள் உட்கார்ந்திருந்தாள். தலை வாரியிருக்கவில்லை. திரையில் அந்தப் பதில் திறந்திருந்தது. காலையில் முகாமுக்குப் போன் வந்ததாம். பேசியது தங்கை இல்லை, அந்த போன்கார ஆள். குண்டு விழுந்து தங்கை குடும்பத்தோடு பங்கர் மூடிக்கொண்டுவிட்டது, மிச்சமிருந்தவர்களும் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள் என்றாள். அவள் தோளைப் பிடித்தேன். அவள் என்னைத் திரும்பிப் பார்க்காமல் திரையைக் காட்டிக் கேட்டாள்.

"இதுக்கும் பேப்பரில வரவேணுமோ அக்கா?"