இரண்டு பாட்டில் தண்ணி

இந்த ஜில்லாவைப் பற்றிப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஒரு பாடம் உண்டு. நடுவில் ஆறு, இரு கரையும் வண்டல் மண், கரும்பும் வாழையும் செழித்து வளரும் என்று போட்டிருக்கும். எழுதின புண்ணியவான் எந்தக் காலத்தில் வந்து பார்த்தானோ தெரியாது. ஆறு இல்லை என்று யாரும் சொல்லவில்லை. காலையில் சிவப்பாகவும் மதியத்துக்கு மேல் ஊதாவாகவும் ஓடும். எந்தச் சாயப்பட்டறை எதைத் திறந்துவிடுகிறதோ அந்த நிறம். அறுபது வருஷத்துக்கு முன்னால் ஒரு நூல் மில் வந்தது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு சாயம் வந்தது, தோல் வந்தது, ரசாயனம் வந்தது. வயலை விற்றவன் விற்ற வயலிலேயே ஷிப்டு வேலைக்குப் போனான். வீட்டுக்கு வீடு பிரிட்ஜ் இருக்கிறது. அதில் வைக்கத்தான் நல்ல தண்ணி இல்லை.

பாட்டில் அக்காவின் அப்பாவும் அப்படி விற்றவர்தான். அந்த நிலத்தில் பட்டறைகள் எல்லாம் சேர்ந்து கழிவுநீரைச் சுத்தம் செய்யும் ஆலை ஒன்றைக் கட்டின. அங்கே தண்ணி சோதிக்கிற லேபில் பாட்டில் கழுவுகிற வேலைக்குப் பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் சேர்ந்தாள். அதோடு அவளுடைய சொந்தப் பேர் ஒழிந்தது.

கழுவுவது பேருக்கு. நிஜமான வேலை கலக்குவது. ஆலையிலிருந்து வெளியேறுகிற தண்ணியை மாதம் ஒரு தடவை சோதிக்க வேண்டும். அதை உள்ளபடி சோதித்தால் மறுநாளே ஆலைக்குப் பூட்டு. அதனால் மேனேஜர் அறையில் இருக்கிற கேன் தண்ணியை அவள் பாட்டிலில் பிடிப்பாள். ஒரு சிட்டிகை உப்பு போடுவாள், குச்சி நுனியில் துளி சேறு தொட்டு விடுவாள். "ரொம்பச் சுத்தமா இருந்தா சந்தேகப்படுவாங்க, பாஸ் ஆகுற மாதிரி இருக்கணும்" என்று மேனேஜர் முதல் மாசமே சொல்லிக் கொடுத்துவிட்டார். இப்போது அவள் கை அளவு தப்பாது. அந்தக் கைக்குத்தான் சாப்பாட்டுக்கு முன் மூன்று தடவை சோப்புப் போடுவாள்.

அவளுக்கு ஒரே மகள். பத்து வயதில் கால் முழுக்கப் புண். தெருக் கிணற்றில் குளிக்கிற வரைக்கும் ஆறாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். வேறு ஊரில் இருந்த அவளுடைய கூடப்பிறந்த அக்கா, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனாள். பெரியம்மா வீட்டில் புண் ஆறியது. நாலு வருஷம் ஓடிவிட்டது. தெருவுக்குக் குழாய் வந்த அன்றைக்கே மகளை அழைத்து வந்துவிடுவது என்று பாட்டில் அக்கா நாளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

குழாய்க்கு ஒரு வழியும் பிறந்தது. கிணற்றுத் தண்ணி குடிக்க லாயக்கில்லை என்று லேப் எழுதிக் கொடுத்தால் நகராட்சி குழாய் போடும். ஜில்லாவுக்கே இருப்பது இந்த ஒரு லேப். ஊரை நாறடிக்கிறவனிடமே போய் நாறுகிறதா என்று கேட்க வேண்டும். வெட்கங்கெட்ட பிழைப்பு. தண்ணி பிடிக்க வேண்டிய நகராட்சி ஆள் வெயிலுக்குச் சோம்பல்பட்டு, "நீங்க அந்தத் தெருதானே, நீங்களே பிடிச்சிடுங்க" என்று பாட்டிலை அவள் கையிலேயே கொடுத்துவிட்டான்.

அவள் ஒரு சொட்டும் கலக்கவில்லை. கிணற்றில் வாளி விட்டு அப்படியே பிடித்தாள். டீ மாதிரி இருந்தது, மேலே நுரை. லேபிள் ஒட்டி, அதே நாளில் தயாராகியிருந்த ஆலை பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

லேபுக்குப் புதிதாக வந்திருந்த கெமிஸ்ட் வெளியூர்ப் பையன். நல்லவன். வந்த வினையே அதுதான். இரண்டு நாள் கழித்து அவளைத் தனியாகக் கூப்பிட்டான்.

"அக்கா, லேபிளை மாத்தி ஒட்டிட்டீங்க. சாக்கடை பாட்டில்ல கிணறுன்னு இருந்துச்சு, தெளிஞ்ச பாட்டில்ல ஆலைன்னு இருந்துச்சு. நான் சரி பண்ணி ரிப்போர்ட் போட்டுட்டேன். யார்கிட்டயும் சொல்லல, பயப்படாதீங்க."

"மாத்தலப்பா" என்றாள்.

"மனுஷன் குடிக்கிற கிணறு அப்படியா இருக்கும்?" என்று சிரித்தான்.

பெயில் என்று வந்த ஆலையின் ரிப்போர்ட்டை மேனேஜர் கிழித்துப் போட்டுவிட்டு, போன மாசத்துத் தாளில் தேதியை மட்டும் மாற்றினார். கிணற்று ரிப்போர்ட் அதற்குள் நகராட்சிக்குப் போய்விட்டது. "குடிக்க உகந்தது" என்று போட்டிருந்தது.

வேலை போனால் போகட்டும் என்று அவள் மறுநாள் நகராட்சிக்குப் போனாள். மேஜைக்குப் பின்னால் இருந்த அதிகாரியிடம் கேன், உப்பு, சேறு, மாறிப்போன லேபிள் என்று ஒன்று விடாமல் கொட்டித் தீர்த்தாள். பதினெட்டு வருஷத்து அசிங்கம் வாயை விட்டுப் போனதில் நெஞ்சுகூட லேசானது.

அதிகாரி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "தண்ணியில கலக்குறதுதான் உங்க தொழில்னு நீங்களே சொல்றீங்க."

"ஆமாங்க."

"அப்ப நீங்க பிடிச்சுக் கொண்டுவந்த கிணத்துத் தண்ணிய மட்டும் நான் எப்படிம்மா நம்புறது?" பைலைக் கட்டி ஓரமாக வைத்தார். "அஞ்சு வருஷம் கழிச்சு மறுபடி சோதிப்பாங்க."

ஞாயிற்றுக்கிழமை தன் அக்கா வீட்டுக்குப் போனாள். குழாய் வராது என்பதை மகளிடம் எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் வழி முழுக்க யோசித்தாள். படியேறிக் கதவைத் தட்டினாள். உள்ளே மகளின் குரல் கேட்டது, சமையலறையில் இருந்த பெரியம்மாவைப் பார்த்து.

"அம்மா, வாசல்ல யாரோ வந்திருக்காங்க."