வண்டிக்காரர் சூசையின் இரவல் நாக்கு

ஸ்ரீவில்லிபுத்தூர் ரயில் நிலையத்துக்கு வெளியே குதிரை வண்டிக்காரர் சூசை என்னிடம் முதலில் கேட்டது, எங்கே போக வேண்டும் என்பதல்ல.

“ஐயா சைவமா?”

இல்லை என்றேன்.

“வெத்தலை போடுவியளா? பொடி? சுருட்டு?”

“ஒன்றும் கிடையாது. எதற்குக் கேட்கிறீர்கள்?”

“சும்மாத்தான். ஏறுங்க” என்று பெட்டியை வாங்கி உள்ளே வைத்தார். அவர் முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை.

அது 1934-ஆம் வருஷம், பங்குனி மாதம். பதினொரு வருஷத்துக்குப் பிறகு ரங்கூனிலிருந்து வந்து, தென்காசியிலிருந்த தமக்கையைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தேன். ஆபீஸ் நண்பர் ஒருவர் தம் அண்ணனிடம் சேர்க்கச் சொன்ன பொட்டலத்துக்காகக் காலை வண்டியில் இங்கே இறங்கினேன். அடுத்த வண்டி பிற்பகலில். என் கைப்பையில் இரண்டு போத்தல் காய்ச்சிய தண்ணீர், ஒரு டப்பி பர்மாங்கனேட் கிருமிநாசினி, வாந்திபேதி ஊசி குத்திக்கொண்டதற்கு அத்தாட்சிச் சீட்டு எல்லாம் இருந்தன. சட்டைப் பையில் கடிகாரம். ரயிலைத் தவற விட்டுவிடுவேன் என்ற பயம் எனக்குப் பால்குடி நாளிலிருந்தே உண்டு.

பொட்டலத்தைச் சேர்த்துவிட்டுத் திரும்பினால் கடைத்தெருவில் வடை வேகிற வாசனை. ஒரு கடையில் பாலைச் சுண்டக் காய்ச்சிக் கிளறிக்கொண்டிருந்தார்கள். அடுத்ததில் குழிப்பணியாரம். காய்ச்சிய தண்ணீர் மனிதனாகிய எனக்கே வாய் ஊறியது.

“செத்த நேரம் நிறுத்துங்கள். அந்தப் பால்கோவாவில் கொஞ்சம்...”

சூசை குதிரையைத் தட்டிவிட்டார். “இனிப்பு இப்ப வேண்டாம். நாக்கு தூங்கிப்போயிரும்.”

“யார் நாக்கு?”

“உங்க நாக்குத்தான். அது எனக்கு வேணும்.”

நான் பெட்டியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். அதற்குள் சாலையோரத்து லாடக்காரன் ஒருவன், “ஏ வெந்நீரு, சவாரி கெடச்சிட்டா?” என்று கத்தினான். சூசை அவன் பக்கம் திரும்பவில்லை. காது மட்டும் சிவந்தது.

“கேட்டியளா? ஒம்பது வருசமா இந்தப் பேருதான்” என்று ஆரம்பித்தார்.

ஒன்பது வருஷத்துக்கு முன் மூத்த மகளை இராஜபாளையத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறார். கல்யாணச் சமையல் உள்ளூர் வேலுசாமி. இராஜபாளையத்து நாக்குக்கு உறைப்பு காணவில்லை. பந்தியில் சம்பந்தியின் தமையனார் இலையை மடித்துவிட்டு, “கறிக்குழம்பு ஊத்தச் சொன்னா வெந்நீர் ஊத்துறியளே” என்றாராம். அன்றிலிருந்து வெந்நீர் சூசை. ரயில்வே போர்ட்டர் வரைக்கும் அப்படித்தான் கூப்பிடுகிறான். இப்போது இன்பம் என்ற இளைய மகளையும் அதே குடும்பத்தில் கேட்டிருக்கிறார்கள். அதே தமையனார், அதே பந்தி.

“அப்படியானால் வேறு ஆளை வையுங்களேன்.”

“வைக்கலாம். இராஜபாளையத்துல சுடலையம்மான்னு ஒரு பொம்பளை. ஆனா வேலுசாமி, ‘அன்னைக்கு அவிய நாக்குலதாம் கோளாறு, இந்தத் தடவை உறைப்பா வச்சுத் தாரேன், வந்து பாரு’ங்கான். என் குதிரைக்கு நெழலு அவன் கடை வேப்பமரம். எம் பொஞ்சாதி அன்னாள் அவன் பக்கம்.”

“சாப்பிட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.”

“எங்கிட்டுச் சாப்பிட? எங்க வேதத்துல இது தபசுகாலம். ஏசுசாமி உயிர்த்த பாஸ்குத் திருநாள் வரைக்கும் நாப்பது நாளும் எங்க வீட்டுல சுத்தபோசனம், கவுச்சி தொட மாட்டோம். ஒரு வாய் நக்கிப் பாத்துட்டுச் சாமியார்கிட்டப் பாவசங்கீர்த்தனம் பண்ணிக்கிடலாம்னா, சாமியாரு மன்னிச்சாலும் அன்னாள் மன்னிக்க மாட்டா.”

“பாஸ்கு முடிந்த பிறகு?”

“தபசுகாலத்துல கோயில்ல தாலி கட்ட முடியாதுல்லா? அது முடிஞ்சதும் அம்புட்டுக் கல்யாணமும் ஒரே வாரத்துல வந்து விழும். இன்னைக்கே வெத்தலை குடுத்துப் பேசி வைக்கலைன்னா பொறவு சமையலுக்கு ஆளே கெடையாது. இந்த ஊர்க்காரனைக் கேட்டா வேலுசாமிம்பான். அந்த ஊர்க்காரனைக் கேட்டா சுடலையம்மாம்பான். ரெண்டுலயும் சேராத நாக்கு ஒண்ணு வேணும். மூணு நாளா டேசன்ல நிக்கேன். வாரதெல்லாம் சைவம், இல்லைன்னா வெத்தலை வாய்.”

அவர் சொன்ன விதத்தில் என் வாயைப் பற்றி எனக்கே ஒரு மரியாதை ஏற்பட்டது. “ரயில்?” என்றேன்.

“மூணரை மணி வண்டி இராஜபாளையத்துலயும் நிக்கும். நான் ஏத்தி விடுதேன்.”

வேலுசாமியின் கறிச்சோற்றுக் கடையில் இலை போட்டார்கள். இலையையும் தம்ளரையும் பர்மாங்கனேட் கரைத்துக் கழுவினேன். வேலுசாமி அந்த ஊதா நிறத்தைப் பார்த்துவிட்டு, “இது என்ன, ரங்கூன் ரசமா?” என்றார். சூசை எதிரே உட்கார்ந்து, ஆவியில் மூக்கை நீட்டிக்கொண்டு என் வாயையே பார்த்தார். நான் ஒரு பிடி உண்டேன்.

“எப்படி?”

“நன்றாக இருக்கிறது.”

“நல்லா இருக்குன்னு சொல்ல ரங்கூன்ல இருந்து ஒரு ஆளு வரணுமாக்கும்” என்றார் சூசை. “உப்பு மொதல்ல தெரியுதா, பொறவு தெரியுதா? சோம்பு தூக்குதா? கறி எலும்பை விட்டுச்சா?”

இரண்டு பாஷையில் படித்தவனாகிய நான் இன்னொரு பிடியை வாயில் போட்டுக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தேன். குழம்பு மோசமில்லை. தேங்காய்ப் பால் மணந்தது, மிளகும் தாராளமாகத்தான் இருந்தது. ஆனால் மணி பதினொன்றரை. இராஜபாளையம் ஏழு மைல். குதிரை நொண்டினால் என்ன செய்வது, அச்சு முறிந்தால் என்ன செய்வது என்று நினைத்துக்கொண்டே சாப்பிட்டு முடித்தேன்.

வழியில் சூசை பதநீர் வாங்கிக் கொடுக்கவும் மறுத்துவிட்டார். “வாய் கொப்பளிங்க, போதும்.” கொப்பளித்தேன். ஒரு போத்தல் காலி.

சுடலையம்மாளின் கடை இராஜபாளையம் ரயில் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரம். நாலு கீற்று, இரண்டு பெஞ்சு. அவளுக்கு நாற்பது வயதிருக்கும். சூசையைப் பார்த்ததும் கரண்டியை இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“வாங்க அண்ணாச்சி. நீங்க தின்னாம அடுத்தவியளத் தின்ன வச்சுச் சரிபாக்க வந்தியளோ?”

“சாதாரணமாத்தான் வந்தேன்.”

“சாதாரணமா வந்தவிய மூஞ்சியப் பாரு. உக்காருங்க ஐயா. இலையக் கழுவ வேண்டாம், நான் கழுவியாச்சு.”

அவள் சொன்ன தோரணையில், கையில் எடுத்த டப்பியைத் திரும்பப் பைக்குள் வைத்துவிட்டேன். குழம்பு கறுப்பாக, நல்லெண்ணெய் மிதக்க வந்தது. முதல் பிடியில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவதில் காது அடைத்தது. மூன்றாவதில் கண்ணும் மூக்கும் ஒன்றாக ஒழுகின. மிச்சப் போத்தலை ஒரே மூச்சில் குடித்தேன். போதவில்லை. மண்பானையைக் காட்டினேன். எந்தக் கிணற்றுத் தண்ணீரோ, இரண்டு செம்பு குடித்தேன்.

“ஐயாவுக்கு ஒத்துக்கிடலையோ?” என்றார் சூசை கவலையாக.

கை காட்டினேன். இன்னும் சோறு என்பதற்கான கை அது. சுடலையம்மாளுக்கு உடனே புரிந்தது. உறைப்புக்கு அடியில் சுட்ட மல்லியின் மணம் ஒன்று இருந்தது. அதைத் தேடிக்கொண்டு இன்னொரு பிடி, இன்னொரு பிடி என்று போனேன். பிறகு ஈரல் வறுவல் வந்தது. பிறகு ஒரு நெஞ்செலும்பு. அதைக் கடிக்க ஒரு முறை இருப்பதாகச் சொல்லிக்கொடுத்தாள். சூசை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

எங்கோ நீளமாக ஊதல் கேட்டது. எலும்பைத் திருப்பிப் பிடித்தேன். மறுபடி ஊதியது. ரயில் தெற்கே போகிற சத்தம் காதில் விழுந்து, தேய்ந்து, நின்றது. நான் விரலை நக்கிக்கொண்டிருந்தேன்.

சூசை எழுந்து மடியிலிருந்து வெற்றிலை பாக்கை எடுத்துச் சுடலையம்மாளிடம் நீட்டினார்.

“பாஸ்கு முடிஞ்ச ரெண்டாவது புதன். முந்நூறு இலை.”

“ஐயா இன்னும் ஒண்ணும் சொல்லலையே” என்றாள் அவள்.

“சொல்லிட்டாரு. வேலுசாமி கடையில பதினோரு வாட்டி கடியாரத்தைப் பாத்தாரு. எண்ணிக்கிட்டே இருந்தேன். இங்க ஒரு வாட்டி கூடப் பாக்கலை.” பிறகு என்னைப் பார்த்து, “அது உங்க வண்டிதான் ஐயா” என்றார்.

எழுந்து ஓடினேன். எச்சில் கையோடு பிளாட்பாரம் வரை ஓடினேன். அங்கே தண்டவாளம் மட்டும் இருந்தது.

“ஏன் சொல்லவில்லை?” என்று திரும்பிக் கத்தினேன்.

“சொல்லியிருந்தா தீர்ப்பு கெட்டுப்போயிருக்கும்லா?” என்றார் பின்னாலேயே மூச்சிரைக்க வந்த சூசை. “காலை வண்டி வரைக்கும் நீங்க எங்க வீட்டு விருந்தாளி. வேலை முடிஞ்சிட்டு. இனி உங்க நாக்கு தூங்கட்டும்.”

தமக்கைக்குத் தந்தி கொடுத்துவிட்டுச் சூசையின் குதிரை வண்டியில் ஏறினேன். சாயங்காலத்துக்குள் வழியெல்லாம் பதநீர், பனங்கிழங்கு, கருப்பட்டிச் சீரணி மிட்டாய், கடைசியில் அந்தப் பால்கோவா. சூசையும் இனிப்பில் ஒரு கை பார்த்தார். அதற்குத் தடை இல்லையாம். வாந்திபேதி எந்த நிமிஷமும் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

வைகாசியில், சூசை கேட்டு வாங்கியிருந்த என் ரங்கூன் விலாசத்துக்கு ஒரு கார்டு வந்தது. யாரையோ கொண்டு எழுதியிருந்தார். இன்பத்தின் கல்யாணம் தேவ கிருபையால் முடிந்தது. சம்பந்தியின் தமையனார் மூன்று பந்தி உட்கார்ந்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே சாப்பிட்டார். இப்போது ஊரில் யாரும் வெந்நீர் என்பதில்லை. வேலுசாமி மட்டும் சொல்கிறார். பெண்ணைப் பெற்றவர் என்பதால் சூசை கடைசிப் பந்திக்குக் காத்திருந்தார். அவர் உட்காரும்போது அண்டாவில் ஒரு சொட்டுக்கூட இல்லை. சுடலையம்மாள் அடுத்த கல்யாணத்துக்குப் போய்விட்டாள்.

“ஆகையால்,” என்று கார்டின் ஓரத்தில் பொடி எழுத்தில் முடித்திருந்தது, “அந்தக் குழம்பு எப்படி இருந்தது என்று தாங்கள் விவரமாக எழுத வேண்டியது. நல்லா இருந்தது என்று மட்டும் எழுத வேண்டாம்.”

ஆபீஸ் நேரத்தில் உட்கார்ந்து நாலு பக்கம் எழுதினேன். உப்பு முதலில் தெரிந்ததா, பிறகு தெரிந்ததா என்பதற்கே ஒரு பக்கம் ஆனது.