தேதி எழுதுகிறவர்

யாராவது ஒரு தேதியைச் சொன்னால் அவர் உடனே எழுதிக்கொள்ள மாட்டார். பென்சிலை மேசைமேல் படுக்க வைத்துவிட்டு, சொன்னவரின் முகத்தை விட்டு அவர் கைகளைப் பார்ப்பார்.

"இது வாய் சொல்ற தேதியா, கை சொல்ற தேதியா?"

புதிதாகச் சேர்ந்தவர்கள் திருதிருவென்று விழிப்பார்கள். பழையவர்கள் சிரித்துக்கொண்டே, "வாய்தான் மேடம். கை இன்னும் ஆரம்பிக்கவே இல்ல" என்று ஒப்புக்கொள்வார்கள். அதற்குப் பிறகுதான் பென்சில் எழும்பும். ஒப்புக்கொள்ளாதவர்களின் தேதியையும் எழுதிக்கொள்வார். ஆனால் லேசாக எழுதுவார்.

சூரியனுக்குள் நடக்கும் காரியத்தை ஓர் இரும்புக் கலத்துக்குள் நடத்தி, அதிலிருந்து வீடுகளுக்கு மின்சாரம் எடுப்பது எங்கள் நிறுவனத்தின் நோக்கம். அதற்கான எந்திரத்தை நாடு இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கட்டிக்கொண்டிருந்தது. காந்தச் சுருள்கள் ஒரு கூடத்தில், கலத்தின் துண்டுகள் இன்னொரு கூடத்தில், குளிரூட்டும் குழாய்கள் வேறெங்கோ. எது முடிந்தால் எது தொடங்கும், கடைசியில் எல்லாம் என்றைக்கு முடியும் என்று கோடு போட்டுக் காட்டுவது அவர் பொறுப்பு. அவர் இயற்பியல் படித்தவரல்ல. இங்கே வருவதற்கு முன்பு கப்பல் கட்டும் தளத்தில் இதே வேலையைச் செய்தவர். "கப்பல்னா தண்ணியில இறக்கினா முடிஞ்சுது. இங்க முடிஞ்சுதான்னு தெரிஞ்சுக்கவே ஆறு பேர் கூடிப் பேசணும்" என்பார்.

நான் ஆவணப் பிரிவு. அவருக்கும் எனக்கும் ஒரே அறை. அவருடைய அட்டவணை ஜன்னலுக்குப் பக்கத்தில் தொடங்கும். நீளமான தாள்களை ஒட்டி ஒட்டிச் சுவரோடு கொண்டு போயிருந்தார். ஒவ்வோர் ஆண்டும் கோடுகள் வலப்பக்கம் நகரும், புதிய தாள் ஒன்று சேரும். எட்டாம் ஆண்டில் சுவர் தீர்ந்துபோய் அட்டவணை மூலையில் மடங்கியது. பதினைந்தாம் ஆண்டில் கதவு நிலைக்கு மேலே ஏறி இறங்கியது. 'வீடுகளுக்கு மின்சாரம்' என்ற கடைசிக் கோடு இரும்பு பீரோவுக்குப் பின்னால் போய்விட்டது.

"கரண்டு எங்க மேடம், காணோமே?" என்று யாராவது சீண்டினால், தலை நிமிராமல் பதில் வரும்.

"பீரோவுக்குப் பின்னாடி."

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே பீரோவுக்கும் சுவருக்கும் இடையில் கன்னத்தை ஒட்டி எட்டிப் பார்த்தேன். அங்கேதான் இருந்தது.

சுவரில் இருந்தது ஊருக்கான அட்டவணை. அவரிடம் இன்னொன்றும் இருந்தது, பச்சை அட்டை போட்ட ஒரு நோட்டு. அதில் பெயர்கள், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஓர் எண். மூன்று மாதத்தில் முடிப்பேன் என்று சொல்லி ஆறு மாதத்தில் முடித்தவருக்கு இரண்டு. நான்கு மாதம் சொல்லி ஓர் ஆண்டு எடுத்தவருக்கு மூன்று. ஒவ்வொரு வேலை முடிந்ததும் பழைய எண்ணை அழித்துப் புதிதாகப் போடுவார். அழித்து அழித்துத் தாள் சில இடங்களில் வெங்காயத் தோல் மாதிரி ஆகியிருந்தது. குளிரூட்டும் பிரிவின் தலைவருக்கு மூன்று புள்ளி இரண்டு, அலுவலகத்திலேயே அதுதான் அதிகம். கடைசிப் பக்கத்தில் சொந்த விவகாரங்கள்: வீட்டுக் குழாய் ரிப்பேர்காரருக்கு நான்கு, தையல்காரருக்கு இரண்டரை. கணவருக்கு மட்டும் எண் இல்லை.

"அவருக்கு ஏன் போடலக்கா?"

"போட்டா குடும்பம் நடத்த முடியுமா?"

பச்சை நோட்டின் எண்களைச் சுவர் அட்டவணையில் அவர் ஒருநாளும் ஏற்றியதில்லை. ஏற்றினால் என்ன என்று கேட்டேன். "நான் எழுதறவ. சொல்றது அவங்க. அவங்க சொன்னத மாத்தறதுக்கு எனக்கு யாரு அதிகாரம் குடுத்தா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மேசையில் சிந்திய தண்ணீரைத் துடைக்கிறவர் மாதிரி சொன்னார்.

என் கணவர் சுருள் பிரிவில் இருந்தார். காந்தச் சுருள்களின் முனைகளை இணைப்பது அவர் வேலை. மின்சாரம் தடையே இல்லாமல் கடந்து போக வேண்டிய இணைப்புகள். ஒன்றில் மயிரிழை தவறினாலும் முழுச் சுருளும் வீண். பதினெட்டுச் சுருள்களில் எட்டை முடித்திருந்தார். பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை, ஒன்பதாவதின் முன் உட்கார்ந்தபடியே அவர் மூச்சு நின்றது. ஐம்பத்தொரு வயது.

மூன்று வாரம் கழித்து நான் வேலைக்குத் திரும்பியபோது எல்லோரும் வந்து தோளைத் தொட்டார்கள். அட்டவணைக்காரர் வரவில்லை. கூட்டம் கலைந்த பிறகு பச்சை நோட்டைத் திறந்து என் பக்கம் திருப்பினார். ஒரு வரியில் விரலை வைத்தார். என் கணவரின் பெயர், எதிரே இரண்டு புள்ளி எட்டு.

"உன் வீட்டுக்காரர்தான் இந்த ஆபீஸ்லயே ரெண்டாவது மோசம்."

"ஒரு மணி நேரத்துல வந்துடறேன்னு போன் பண்ணுவார்க்கா. மூணு மணி நேரம் ஆகும்."

"அப்ப சரியாத்தான் போட்டிருக்கேன்."

அந்த மூன்று வாரத்தில் முதல்முறையாகச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "ஆனா ஒரு இணைப்பக்கூட திரும்பப் பிரிச்சதில்ல" என்று சொல்லி நோட்டை மூடினார். வேலையை விட்டுப் போனவர்களின் பெயர்கள்மீது அவர் ஒரு கோடு இழுப்பது வழக்கம். என் கணவர் பெயர்மீது கோடு இல்லை.

அந்த ஆண்டு ஜூனில் அரசின் ஆய்வுக்குழு வருவதாக இருந்தது. மின்சாரம் இருபது ஆண்டுக்குள் வரும் என்றால் அடுத்த கட்டத்துக்கு நிதி உண்டு, வராது என்றால் திட்டத்தை நிறுத்திவிடுவது என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். நிறுத்தினால் முதலில் போகிறவர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்கள், இருநூற்று நாற்பது பேர். இது தெரியாதவர்கள் எங்கள் கட்டடத்தில் இல்லை.

குழு வருவதற்கு ஒரு வாரம் முன்பு இயக்குநர் எங்கள் அறைக்கு வந்தார். நின்றுகொண்டே பேசினார்.

"சுருள் இணைப்புல இன்னும் அவர் பேரே இருக்கு மேடம்."

"வேற யார் பேரும் எனக்குச் சொல்லலையே சார்."

"அவர் அசிஸ்டெண்ட் பேரப் போட்டுடுங்க. கோடு அப்படியே இருக்கட்டும்."

"பேரு மாறினா கோடும் மாறும் சார். அந்தப் பையன் இன்னும் தனியா ஒண்ணுகூட செஞ்சதில்ல."

இயக்குநர் என்னைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். கெட்டவரல்ல. பல நாள் தூங்காதவர் முகம். "இருநூத்தி நாப்பது பேர் மேடம்" என்றார். திரும்பிப் போய்விட்டார்.

அட்டவணைக்காரர் பெயரை மாற்றினார். கோட்டைத் தொடவில்லை. பதினெட்டு ஆண்டு என்று புதிய தாள் சுவரேறியது.

குழுவுக்குத் தலைமை ஏற்று வந்தவர் நிதித்துறையைச் சேர்ந்த ஒரு பெண்மணி. நரைத்த தலை, தட்டையான செருப்பு. திரையில் காட்டிய படங்களையெல்லாம் பார்த்து முடித்தபின், அட்டவணை இருக்கும் அறைக்கே போகலாம் என்றார். வந்ததும் ஜன்னலிலிருந்து தொடங்கி, சுவரோரமாகவே படித்துக்கொண்டு நடந்தார். மூலையில் திரும்பினார். கதவுக்கு மேலே அண்ணாந்து பார்த்தார். பீரோவுக்கு முன்னால் வந்து நின்றார்.

"இத நகத்துங்க."

இரண்டு பேர் பிடித்து இழுத்தார்கள். ஒரு கூடைத் தூசியோடு கடைசிக் கோடு வெளியே வந்தது.

"யார் வரைஞ்சது?"

"நான்தாங்க."

"உங்க வீட்டு விளக்கு இதுல எரிய எத்தன வருஷம் ஆகும்?"

"பதினெட்டு வருஷம்னு எழுதியிருக்குங்க."

"எழுதியிருக்கறத நானே படிச்சிட்டேம்மா. நான் உங்களக் கேக்கறேன்."

இயக்குநர் இருமினார். இருபத்திரண்டு ஆண்டுகளில் அட்டவணைக்காரரை யாரும் இந்தக் கேள்வி கேட்டதில்லை என்பது எனக்குத் தெரியும். எதிர் மேசையருகே கோப்புகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் கையிலிருந்த பென்சிலை மேசைமேல் படுக்க வைத்தார்.

"நாப்பத்தொண்ணு" என்றார்.

எப்படி என்று கேட்டதற்குப் பச்சை நோட்டைக் காட்டினார். பெயர்கள் இருந்த பாதியை இடது உள்ளங்கையால் மூடிக்கொண்டு, ஒவ்வொரு கோட்டையும் பெருக்கிய எண்களை மட்டும் காட்டினார். கையை எடுக்கச் சொன்னபோது, "அது வேண்டாங்க" என்றார். தலைவி வற்புறுத்தவில்லை.

மூன்று மாதத்தில் கடிதம் வந்தது. அடுத்த கட்டம் இல்லை. பாதி கட்டிய எந்திரத்தைப் பிரித்து, உதவக்கூடிய பாகங்களை மற்ற ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பிவிட வேண்டும். நிரந்தரப் பணியாளர்களுக்கு இடமாற்றம். மற்றவர்கள் மாதம் நாற்பது பேராகப் போக வேண்டும்.

அட்டவணைக்காரருக்குப் புதுப் பெயர் கிடைத்தது. 'நாப்பத்தொண்ணு வருது' என்பார்கள், காதில் விழும்படியாகவே. மின்தூக்கியில் அவர் ஏறினால் பொத்தானுக்குப் பக்கத்தில் இருப்பவர், "எந்த மாடி? நாப்பத்தொண்ணா?" என்று கேட்பார். எங்கள் கட்டடத்துக்கு நான்கு மாடி. சாப்பாட்டுக் கூடத்தில் அவர் உட்காரும் மேசை தானாகக் காலியாகும். அவர் நிதானமாகச் சாப்பிட்டு, டப்பாவைக் கழுவி, துடைத்து எடுத்துவருவார்.

ஒருவர் மட்டும் நேரில் வந்து சண்டை போட்டார். கலத்துக்குள் எரியவிருந்த வாயுவைப் பற்றியே வாழ்நாளெல்லாம் கணக்குப் போட்ட விஞ்ஞானி.

"நாப்பத்தோரு வருஷம்னா என்னம்மா? அதுக்காக நிறுத்தணுமா? நிறுத்தாம தொடர்ந்தாத்தானே நாப்பத்தோரு வருஷத்துலயாவது வரும்?"

"நான் நிறுத்தச் சொல்லலையே சார். எப்பன்னு கேட்டாங்க. சொன்னேன்."

"அவங்க நிறுத்துவாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

விஞ்ஞானி போய்விட்டார். நான் கொஞ்ச நேரம் கழித்து, இந்த மின்சாரம் வரும் என்று நம்புகிறாரா என்று அட்டவணைக்காரரிடம் கேட்டேன். "வரும். வராம எங்க போகும்? இங்க இல்லன்னா வேற எங்கயாவது வரும். நான் பாக்க மாட்டேன், அவ்வளவுதான்" என்றார்.

அப்போதுதான் பல நாளாக அடக்கிவைத்திருந்ததையும் கேட்டுவிட்டேன்.

"அவர் இருந்திருந்தா எவ்வளவுக்கா?"

யார் என்று கேட்கவில்லை. நோட்டைத் திறந்தார். தாளின் ஓரத்தில் சின்ன எழுத்தில் ஏதோ பெருக்கினார், கழித்தார், மறுபடி சரிபார்த்தார்.

"ஒன்றர வருஷம் குறைஞ்சிருக்கும்."

"அவ்வளவுதானா?"

"ஒரு ஆளுக்கு ஒன்றர வருஷம் ரொம்பம்மா" என்றார்.

இப்போது சுவரில் வேறோர் அட்டவணை இருக்கிறது. எந்திரத்தைப் பிரிக்கும் அட்டவணை, அரைச் சுவர்கூட இல்லை. ஒவ்வொரு கோடும் எந்த நாளில் முடிய வேண்டுமோ அந்த நாளில் முடிகிறது. "பிரிக்கறதுக்கு மட்டும் எல்லாருக்கும் கைத் தேதியே வருது" என்கிறார். குளிரூட்டும் பிரிவின் தலைவர் இரண்டு நாள் முன்னதாகவே முடித்துக்கொடுத்தார். அதையும் நோட்டில் ஏற்றிவிட்டு, அழிப்பானின் தூளை ஊதித் தள்ளினார்.

போன மாதக் கடைசியில் நான்காவது நாற்பது பேர் போனார்கள். அடையாள அட்டையை என்னிடம் கொடுத்து, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போக வேண்டும். பெரும்பாலோர் எதிர் மேசையை ஏறிட்டும் பார்க்கவில்லை. கலத்தின் துண்டுகளைப் பற்றவைத்த வெல்டர் கடைசியாக வந்தார். காலணிகளைக் கயிற்றில் கட்டித் தோளில் போட்டிருந்தார். ஒரு கையில் உபகரணப் பெட்டி, மறுகையில் முகக்கவசம். எல்லாவற்றையும் தரையில் வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பிறகு அட்டவணைக்காரரின் மேசைப் பக்கம் திரும்பினார்.

"எனக்கு எத்தன போட்டிருந்தீங்க அக்கா?"

நோட்டைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்துவிட்டிருந்தது. ஆனால் யாரும் அதுவரை தன் எண்ணைக் கேட்டதில்லை. அவர் பக்கத்தைப் புரட்டி வெல்டர் பக்கம் திருப்பினார்.

"ஒண்ணுன்னு இருக்கு."

"ஒண்ணுதான்."

"அப்படின்னா?"

"சொன்ன நாள்ல முடிச்சீங்கன்னு அர்த்தம். பதிமூணு வருஷமா."

வெல்டர் அந்த வரியைக் குனிந்து பார்த்தார். தாள் அந்த இடத்தில் மட்டும் தேயாமல் இருந்தது.

"வேற யாருக்காவது ஒண்ணு இருக்கா?"

"இல்ல."

"எல்லாரும் என்ன மாதிரி இருந்திருந்தா, அந்தப் பதினெட்டு வருஷம் பதினெட்டாவே இருந்திருக்குமா?"

"ஆமா."

வெல்டர் தலையை ஆட்டிக்கொண்டார். "சின்னவளுக்கு இன்னும் நாலு வருஷம் படிப்பு பாக்கி இருக்கு" என்றார், யாரிடம் என்றில்லாமல். பிறகு பெட்டியை எடுக்கக் குனிந்தார்.

அட்டவணைக்காரர் அதற்குள் நாற்காலியை விட்டு எழுந்து வந்திருந்தார். தரையில் இருந்த முகக்கவசத்தை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டார்.

"குடுங்கக்கா, நான் எடுத்துக்கறேன். கரி ஒட்டும்."

அவர் கொடுக்கவில்லை. அதை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, நடைபாதையில் நின்றவர்கள் விலகி வழிவிட, வெளிவாசல் வரைக்கும் வெல்டருக்கு முன்னால் நடந்தார்.