வாயடைத்துப் போன கணினி

குடிநீர் இணைப்பு அலுவலகத்தின் தட்டச்சருக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. திரையில் வருவதைக் கணினி உரக்கப் படிக்கும். அவர் காதில் வாங்கி விரலால் வேலையை முடிப்பார். தகரக் கூரையில் மழை கொட்டுவதுபோல் ஓடும் அந்தக் குரலுக்கு அலுவலகத்தில் ‘உங்க ஆள்’ என்று பெயர். அந்த வேகமும் அவருக்குப் போதாது. பாதி வாக்கியத்திலேயே விஷயம் பிடிபட்டுவிடும். ஒரு விசையைத் தட்டி அதன் வாயை அடைத்துவிட்டு அடுத்ததற்குத் தாவிவிடுவார்.

அன்று காலைதான் எல்லா மேசைகளிலும் புதிய இயங்குதளம் போட்டிருந்தார்கள். மேலாளர் இவர் மேசைக்கு மட்டும் வந்து நின்றார்.

“உங்களுக்கு எதுக்குப்பா இந்தச் சிரமம்? போன் எடுக்குற சீட்டுக்கு மாத்திடறேன்.”

“சாயங்காலம் வரைக்கும் விடுங்க சார். பாத்துட்டு மாத்துங்க.”

கூடவே வந்திறங்கிய விளையாட்டுகளையும் பாட்டுப் பெட்டியையும் ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே வந்தார். மூக்கடைத்தாற்போல் பேசும் உபரிக் குரல் ஒன்றும் இருந்தது. அதையும் நீக்கச் சொன்னதும், சேர்ந்து எதெல்லாம் போகும் என்ற பட்டியலைக் கணினி படிக்கத் தொடங்கியது. வழக்கம்போல் நடுவிலேயே வாயை அடைத்துச் சம்மதம் கொடுத்தார். கணினியை அணைத்துப் போட்டால் மூச்சுப் பேச்சில்லை. தான் கேட்காத மீதிப் பட்டியலில் யார் இருந்திருப்பார் என்று அப்போதுதான் உறைத்தது.

“என்ன தம்பி, உங்க ஆள் சத்தத்தையே காணோம்?” என்றார் பக்கத்து மேசையில் கோப்பு பார்க்கும் அக்கா.

“நானே துரத்தி விட்டுட்டேன்க்கா.”

“சார்கிட்ட சொல்லவா?”

“சொன்னா நாளைக்கே போன் சீட்டுதான். நானே திரும்பக் கூட்டிட்டு வரேன்.”

“திரையில வர்ற இங்கிலீஷ நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறதுக்குள்ள ஆபீஸப் பூட்டிடுவாங்களே.”

“படிக்க வேண்டாம். எழுத்து ஓடுதா நிக்குதான்னு மட்டும் சொல்லுங்க.”

குரலை நிறுவும் கட்டளை அவருக்கு மனப்பாடம். அடித்தார்.

“ஒரே வரி. நின்னுடுச்சு.”

மறுபடியும் அடித்தார். அதே ஒரு வரி. உதட்டைக் கடித்துக்கொண்டு மூன்றாவது முறை அடிக்கப் போனார்.

“தம்பி, உங்க கீபோர்டுல ஒரு விளக்கு எரியுதே, அது எரியணுமா?”

விரல் அப்படியே நின்றது. ஆள் இருந்தவரை அந்த விசை அவனைக் கூப்பிடுகிற மணி. அவன் போனபின் அது எல்லா எழுத்தையும் பெரிய எழுத்தாக்கும் வெறும் விசை. பழக்கதோஷத்தில் அதைத் தட்டிக் கூப்பிட்டிருக்கிறார்; பெரிய எழுத்தில் அடித்தால் கட்டளை எடுபடாது. விளக்கை அணைத்தார். கட்டளை, கடவுச்சொல், சம்மதம்.

“ஓடுது தம்பி. எறும்பு சாரை மாதிரி ஓடுது.” அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். “இப்ப நின்னுடுச்சு.”

கணினியை அணைத்துப் போட்டதும் ஆள் பேசினான். ஆனால் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவன்போல் ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி நிறுத்தி. தட்டச்சர் வேகத்தைக் கூட்டவில்லை.

மாலையில் மேலாளர் வந்தபோது அவர் கடைசி விளையாட்டை நீக்கிக்கொண்டிருந்தார்.

“என்னப்பா, அந்தப் போன் சீட்டு விஷயம்...”

“ஒரு நிமிஷம் சார். அவன் பேசி முடிக்கட்டும்.”

மேலாளர் நின்றார். பட்டியல் கடைசிப் பெயர்வரை படிக்கப்பட்டது. பிறகுதான் சம்மதம் போனது. அதன்பின் தட்டச்சர் அன்றைய முதல் கடிதத்தை அடிக்கத் தொடங்க, இரண்டு பத்தி முடியும்வரை பார்த்திருந்த மேலாளர், “நாளைக்குள்ள இன்னும் பன்னெண்டு கடிதம் இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனார்.