பேசாத பெண்ணுக்கு நான் பேசிய வசனம்

எண்பதுகளின் கடைசியில் எங்கள் வீட்டில் என்னைப் பிரெஞ்சு படிக்க விட்டதற்கு ஒரே காரணம், அதில் மார்க்கை அள்ளலாம் என்று யாரோ சொன்னதுதான். கல்லூரி தாம்பரத்தில், வீடு கூடுவாஞ்சேரியில். கழனியை மனை போட்டு விற்ற குடும்பம். நான் எதைப் படித்தாலும் கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் இரண்டு எழுத்து வந்தால் போதும் அவர்களுக்கு. எனக்குப் போதவில்லை. மூன்றாம் வருஷம் நவீன பிரெஞ்சு இலக்கியமும் சினிமாவும் என்றொரு விருப்பப் பாடம் வந்தது. பிடிவாதமாக அதையே எடுத்தேன்.

வந்தது வினை. கட்டுரை எழுதுவதற்காகக் கல்லூரியிலிருந்து கொண்டுவந்த வீடியோ கேசட் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியப்பா கண்ணில் பட்டது. மேலே பிரெஞ்சுப் படம் என்று ஆங்கிலத்தில் ஒட்டியிருந்தது. பிரெஞ்சுப் படம் எப்படி இருக்கும் என்று பெரியப்பாவுக்கு நன்றாகவே தெரியும். வாலிபத்தில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு காலைக் காட்சிக்குப் போனவர் ஆயிற்றே.

"இன்னாடா இது? வயசுப் பொண்ணு பாக்கற படமா?" என்று அப்பாவிடம் குதித்தார். "படிச்சது போதும். நாளையிலேர்ந்து காலேஜு வாணாம். மதுராந்தகத்துப் பையன் வூட்ல கேட்டுகினே கீறாங்க. பேசி முடிச்சுடலாம்."

அப்பா அண்ணன் பேச்சைத் தட்டியதே கிடையாது. எனக்குப் பயம் இருந்தது. அதைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. "முதல்ல எல்லாரும் படத்தைப் பாருங்க. அசிங்கமா ஒண்ணு இருந்தாலும் நானே நின்னுடறேன்" என்றேன்.

மத்தியானம் கேசட் கடையிலிருந்து வாடகைக்கு வீடியோ டெக் வந்தது. அம்மா ஜன்னலைச் சாத்தினாள். பெரியம்மா சின்னப் பிள்ளைகளை வெளியே துரத்தினாள். பெரியப்பா எல்லோருக்கும் முன்னால் நாற்காலி போட்டுக்கொண்டார். படத்துக்கு அடியில் ஓடிய ஆங்கில எழுத்தை அவ்வளவு வேகமாகப் படிக்க யாராலும் முடியாது. அதனால் ஒவ்வொரு வசனத்தையும் நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

ஒரு ரொட்டிக் கடைக்காரர், அவருடைய மகள். மாவு பிசைகிறார்கள், அடுப்பு மூட்டுகிறார்கள், வெளியே மழை பெய்கிறது. முக்கால் மணி நேரம் ஆகியும் ஒருவரும் ஒரு பொத்தானைக்கூடக் கழற்றவில்லை. பெரியப்பா கொட்டாவி விட்டார். எனக்கு வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

அப்புறம் அந்தக் காட்சி. மாவு மில் முதலாளியின் மகனைக் கட்டிக்கொள்கிறாயா என்று அப்பா கேட்கிறார். மகள் ஜன்னல் பக்கம் திரும்பி நிற்கிறாள். நின்றுகொண்டே இருக்கிறாள்.

"இன்னாடி சொல்றா அவ?" என்று கேட்டாள் அம்மா.

அவள் எதுவும் சொல்லவில்லை. வகுப்பில் அந்த மௌனத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாகக் குறிப்பு எடுத்திருந்தோம். அதுதான் அவளுடைய மறுப்பாம். பிரான்ஸில் அது சரி. எங்கள் ஊரில் மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி; பெண் வாயை மூடிக்கொண்டு நின்றால் தட்டை மாற்றிவிடுவார்கள்.

"மாட்டேன்னு சொல்றா" என்றேன். அதோடு நிறுத்த முடியவில்லை. "என்னைக் கேக்காம யாருக்கும் வாக்கு குடுக்காதீங்கன்றா. எடுத்த படிப்பை முடிக்காம எங்கயும் போக மாட்டாளாம். கையைக் காலைக் கட்டி இழுத்துகினு போனாலும் தாலிக்குக் கழுத்தை நீட்ட மாட்டாளாம்."

பெரியப்பா நாற்காலியோடு திரும்பினார். "பிரெஞ்சுக்காரிக்கு இன்னாடி தாலி? அவ வாயே தொறக்கலியே!"

"அவ தொறக்கல, பெரியப்பா. நான் தொறந்துட்டேன்."

படம் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அவர் டிவியைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை.

எங்கள் ஊர் வழக்கப்படியே அதை எடுத்துக்கொண்டேன். மறுநாள் காலை கேசட்டைப் பையில் போட்டுக்கொண்டு தாம்பரத்துக்கு ரயில் ஏறினேன்.