போட்டி நாள் உபவாசம்

ஒரு பிள்ளையின் உயிர் என் கண்முன்னால் போய்த் திரும்பி வந்தது. சபையில் இதைச் சொல்ல எழுந்து, அழுகை முட்டி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வாய் ஒத்துழைக்காததால் எழுதித் தருகிறேன்.

நான் உடற்கல்வி ஆசிரியை. குடியிருப்பது திண்டிவனம், வேலை ஒலக்கூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில். இந்த வருஷம் முதல் பருவம் எங்களை மூச்சுவிட விடவில்லை. பேச்சுப் போட்டி முடிந்தால் ஓவியப் போட்டி, சுதந்திர தின அணிவகுப்பு முடிந்தால் அறிவியல் கண்காட்சி. எதற்கு ஆள் இல்லையென்றாலும் பி.டி. மிஸ்ஸைக் கூப்பிடுவார்கள். கண்காட்சிக்குத் தெர்மாகோல் வெட்டியதும் நான்தான், நாடகத்துக்குத் தாடி ஒட்டியதும் நான்தான். பிள்ளைகளும் சளைக்காமல் பரிசு வாங்கிக்கொண்டு வந்தார்கள். இதற்கு நடுவில் எங்கள் பெண்கள் கோ-கோ அணி முதல் தடவையாக வட்டார இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டது. ஆட்டம் திண்டிவனத்தில். ஜெயித்தால் அடுத்து விழுப்புரம், மாவட்டப் போட்டி.

என்னிடம் ஒரு வழக்கம் உண்டு. போட்டி நாளில் ஆட்டம் முடியும்வரை உபவாசம் இருப்பேன், தண்ணீர்கூடத் தொடமாட்டேன். பிள்ளைகளுக்கு இது தெரியும். அன்றைக்கு என் எதிரே மிக்சர் பொட்டலம்கூடப் பிரிக்கமாட்டார்கள். அந்த மரியாதை எனக்கும் பிடித்துத்தான் இருந்தது.

அது ஒரு சனிக்கிழமை. காலையில் பஸ் ஏறும் முன் எல்லாருக்கும் இட்லிப் பொட்டலம் வாங்கிக் கொடுத்தேன். "கிரவுண்டுல போய் சாப்புட்டுக்கறோம் மிஸ்" என்றார்கள். நானும் அதற்குப் பிறகு கேட்கவில்லை. பெயர் கொடுப்பதும் சீருடை எண் சரிபார்ப்பதுமாக என் பாடு எனக்கு. ஆட்டம் தொடங்கும்போது வெயில் ஏறிவிட்டது.

எங்கள் கேப்டன் சந்தியா. பத்தாம் வகுப்பு, விவசாயக் குடும்பத்துப் பெண். துரத்த ஆரம்பித்தால் பிடிக்காமல் விடமாட்டாள். அன்று கம்பத்தைச் சுற்றித் திரும்பியவள் ஒரு மாதிரி தள்ளாடினாள். எதிர் அணிப் பெண்ணைப் பார்த்து என்னவோ உளறினாள். அப்புறம் கம்பத்தில் நெற்றி மோதி விழுந்தாள். ஓடிப்போய்த் தூக்கினேன். உடம்பு அனலாகக் கொதித்தது. ஒரு சொட்டு வியர்வை இல்லை.

ஆட்டோவில் போட்டுக்கொண்டு பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். என்னோடு வந்தது எங்கள் அணியில் நிழல் மாதிரி எப்போதும் அவளை ஒட்டியே திரியும் ஜெனிபர். நெற்றியின் வீக்கத்தைப் பார்த்த டாக்டரம்மா, "தலையில் அடி பட்டதால் மயக்கமா, மயங்கியதால் அடியா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. "காலையில் என்ன சாப்பிட்டாள்?" என்றார். இட்லி என்று சொன்னேன்.

அந்த நிமிஷம் நான் மனதுக்குள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். 'ஆண்டவரே, இவளுக்கு என்னவென்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்த யாரையாவது பேசவையும்.' ஜெனிபர் தேம்ப ஆரம்பித்தாள்.

"மிஸ், நாங்க யாருமே சாப்புடல. நேத்து ராத்திரிலேர்ந்து தண்ணிகூட குடிக்கல. சந்தியாதான் சொன்னா, மிஸ் நமக்கோசரம் பட்டினி கெடக்கறாங்க, நாம மட்டும் துன்னுகினு ஓடறதான்னு."

இந்துப் பிள்ளைகள், கிறிஸ்தவப் பிள்ளைகள், மொத்த அணியும் என்னைப் பார்த்து உபவாசம் இருந்திருக்கிறது. "அப்படியானால் வெயில் தாக்கியதுதான்" என்ற டாக்டரம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. ஈரத்துணி, பனிக்கட்டி, சலைன் என்று வேலை மளமளவென்று நடந்தது. மைதானத்துக்குப் போன் செய்து மற்றப் பிள்ளைகளுக்கு உடனே தண்ணீரும் சாப்பாடும் கொடுக்கச் சொன்னேன். ஆட்டம் அதோடு போயிற்று.

ஆனால் சந்தியா கண் திறக்கவில்லை. வெளி பெஞ்சில் உட்கார்ந்து ஜெபிக்கப் பார்த்தேன். காலையிலிருந்து கோப்பைக்காக வாய் ஓயாமல் ஜெபித்தவளுக்கு இப்போது வார்த்தை வரவில்லை. 'எனக்கு விழுப்புரம் வேண்டாம் ஆண்டவரே. இவளை இவள் அம்மா கையில் கொடுத்துவிடும்' என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

அவள் அம்மா வேர்க்கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்த இடத்திலிருந்து அப்படியே வந்துவிட்டார். கையெல்லாம் செம்மண். எழுந்து நடந்ததைச் சொன்னேன். அடித்தால்கூட வாங்கிக்கொள்ளும் மனநிலையில்தான் இருந்தேன்.

"எங்க அம்மனை வேண்டிக்கினுதான் வந்தேன் டீச்சர். நீங்க உங்க சாமியைக் கூப்புடுங்க. ரெண்டு பேருமே வரட்டும்" என்று சொல்லி என் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். நான் வாய்விட்டு ஜெபித்தேன். எங்கள் ஜெபம் அவருக்குப் பழக்கமில்லாவிட்டாலும் கையை விடவில்லை.

மத்தியானத்துக்கு மேல் நர்ஸ் வந்து கூப்பிட்டார். உள்ளே போனோம். சந்தியா கண் விழித்திருந்தாள். அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். உதடு காய்ந்து வெடித்திருந்தது.

"நீங்க சாப்ட்டீங்களா மிஸ்?"

நான் உடைந்து அழுதேன். கொஞ்சம் கொஞ்சமாக நீராகாரம் தரலாம் என்றார் டாக்டரம்மா. சந்தியாவின் அம்மா வயலுக்குக் கொண்டுபோன தூக்கில் கேப்பைக் கூழ் மீதி இருந்தது. அந்த அம்மா மோர் விட்டுக் கரைத்து டம்ளரை முதலில் என்னிடம் நீட்டினார்.

"குடிங்க டீச்சர். நீங்க குடிச்சாதான் இவ குடிப்பா."

குடித்தேன். சந்தியாவும் குடித்தாள்.

விழுப்புரத்துக்கு வேறு பள்ளிதான் போனது. எனக்கு அதில் வருத்தமே இல்லை என்று சொன்னால் பொய். ஆனாலும் ஒரு வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை சந்தியா பள்ளிக்கு நடந்து வந்தபோது நான் வாசலிலேயே நின்று ஆண்டவரைத் துதித்தேன். பருவக் கடைசியில் கண்காட்சிக்கும் ஓவியத்துக்கும் பரிசு கொடுத்த விழாவில் கூட்டத்தை ஒழுங்குபடுத்தியதே அவள்தான்.

உபவாசத்தை நான் விட்டுவிடவில்லை. வீட்டில், பிள்ளைகள் பார்க்காத நாளில் இருக்கிறேன். போட்டி நாளில் அவர்களோடு வட்டமாக உட்கார்ந்து, ஜெபம் செய்து, முதல் இட்லியை நான்தான் பிட்டு வாயில் போடுகிறேன்.

அன்பானவர்களே, பிள்ளைகள் காரியத்தில் உங்களுக்குப் பாரம் இருந்தால் ஆண்டவரிடம் தாராளமாகக் கேளுங்கள். அவர் கேட்கிறவர், எனக்கு அதில் சந்தேகமே கிடையாது. ஜெபித்து எழுந்ததும், பிள்ளை சாப்பிட்டதா என்று அதனிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.